ஏழும் எட்டும்

உம் அல் குவைனில், அலையாத்திக் காட்டின் வாயில்
ஒரு கண்டெய்னர்.
அதற்குள் இருபத்திரண்டு துடுப்புகள்.
அவற்றுக்குக் காவல் நான்.
விசாவில் ‘ஹெல்பர்’ என்று போட்டிருக்கிறது.

சேர்ந்த அன்று துடுப்பை எடு என்றார்கள்.
நான் சுற்றுமுற்றும் அண்டாவைத் தேடினேன்.
பெரம்பலூர்க்காரனுக்குத் துடுப்பு என்றால்
களி கிண்டுவது.
மட்டக்களப்புக் கிருபைராசன் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவனுக்கோ அது கிரிக்கெட்:
“முதலில் துடுப்பெடுத்தாடிய அணி” என்று
வானொலிக் குரலில் சொல்லிக் காட்டினான்.
ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
ஒருவன் அடுப்படியிலும் ஒருவன் மைதானத்திலும் நிற்க
படகு பாட்டுக்குத் தண்ணீரில் கிடந்தது.

பிறகு பழகிவிட்டது.
முதலில் போன இடமெல்லாம் ஒரே வட்டம்,
செக்கு மாடு மாதிரி.
இப்போது திருக்கை படுத்திருக்கிறதா என்று
முன்னால் தட்டிப் பார்க்கத் தெரியும்,
சேற்றில் குத்திக் கரையை உதைக்கத் தெரியும்.
ஒரு ஜெர்மன்காரம்மாவின் மூக்குக்கண்ணாடியை
அடிமண்ணிலிருந்து
தோசை திருப்புகிற பக்குவத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.
இருபது திர்ஹம் தந்தாள்.
இரவில் கண்டெய்னர் கதவுக்குத் தாழ்ப்பாளும் ஒரு துடுப்புதான்.
திங்கட்கிழமை ஆள் வராத மதியங்களில்
கிருபைராசன் என்னைப் பந்து வீசச் சொல்வான்.
பிளாஸ்டிக் துடுப்பில் பட்டால் பந்து இருமும்.
மரத்தில் பட்டால்தான் பேசும்.

மரத்துடுப்பு இரண்டே இரண்டு: ஏழும் எட்டும்.
எண்ணை அரபியில் போடு என்றார் சூப்பர்வைசர் நவ்ஷாத்.
கம்பியைக் காய்ச்சிக் காம்பில் நானே சுட்டேன்.
அரபி ஏழு, கவட்டை மாதிரி
வாயை மேலே திறந்துகொண்டிருக்கும்.
கவிழ்த்தால் எட்டு.
அன்று இது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

நோன்பு தொடங்கிய வாரம்
படம் எடுத்துக்கொள்ள இரண்டு கையையும் தூக்கிய
ஒரு கல்லூரிப் பையனிடமிருந்து
எட்டு நழுவியது.
வற்று நேரம். நீர் அவசரமாக வெளியேறிக்கொண்டிருந்தது.
நெஞ்சளவு வரை இறங்கிப் போனேன்.
பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று
வேடிக்கை பார்த்தன.

தொலைந்தால் நூற்றைம்பது திர்ஹம், என் சம்பளத்தில்.

மாதக் கடைசியில் கணக்கெடுப்பு.
நவ்ஷாத் வெளியே நிழலில், நாற்காலியில், பேரேட்டோடு.
நான் உள்ளிருந்து ஒவ்வொன்றாகக்
காம்பை மட்டும் வாசலுக்கு வெளியே நீட்டுகிறேன்.
ஐந்து. ஆறு.
ஏழு.
உள்ளே இழுத்தேன். இருட்டில் தலைகீழாகத் திருப்பினேன்.
உள்ளங்கை வியர்த்து மரம் வழுக்கியது.
எட்டு.
“சரி” என்றார், ஒரு டிக் போட்டார்.
ஒன்பதை நீட்டுவதற்குள்
எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

மறுநாள் மாலை, மீன்மார்க்கெட் பக்கத்துப் பள்ளிவாசலில்
இஃப்தார் வரிசை.
பின்கட்டில் ஹரீஸ் வேகிறது.
கோதுமையும் ஆட்டிறைச்சியும்
பேர் தெரியாமல் ஒன்றாய்க் கரைகிற வரை
இடித்து இடித்துக் கிளறுகிறார் காதிர் பக்ஷ்,
பலூச்சி, தோள் இரண்டும் பனங்கட்டை.
இதோ, முதல் நாள் நான் தேடிய அண்டா.
அதற்குள் என் துடுப்பு.
அவர் பிடிக்கு ஒரு சாண் கீழே
நான் சுட்ட எட்டு,
ஆவியில் நனைந்து, முன்னைவிடக் கறுப்பாக.

“கரையில் கிடந்தது” என்றார், நான் கேட்காமலே.
“போன வருஷக் கட்டை உடைந்துபோச்சு.
அல்லா அனுப்பினான்.”

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது.
எனக்குப் பின்னால் நூறு பேர் இருப்பார்கள்,
சிமெண்ட் படிந்த சட்டைகள்,
தண்ணீர் பாட்டிலைத் திறக்காமல் பிடித்திருக்கும் கைகள்.
பாங்கு ஒலித்தது.
காதிர் பக்ஷ் கிளறுவதை நிறுத்தி, துடுப்பை உருவி,
வழித்துவிட்டு,
அகலப் பக்கம் வானத்தைப் பார்க்கச்
சுவரில் சாய்த்தார்.

இப்போது அது ஏழு.

ஏழு என்னிடம் இருக்கிறது.
பேரேட்டில் எட்டும் இருக்கிறது.
அப்படியானால் இது யாருடையதோ.

தட்டை நீட்டினேன்.
உப்பு மட்டும்
ஒரு கல் கூடுதல்.